ஐராவதம் குடித்த தண்ணீர்

ஏப்ரல் 8, செவ்வாய்

கமுதிச் சீமையின் போக்குவரத்துச் சக்கரவர்த்தியும், ஒரே ஒரு வேனுக்கு ஏகபோக அதிபதியும், ஐம்பத்தெட்டு வயது வரை எந்த ராஜகுமாரிக்கும் பிடிகொடுக்காதவனுமாகிய துரைச்சிங்கம் இன்று முதல் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான். பெரிய நோக்கமெல்லாம் இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் அக்கா டயாலிசிஸ் மெஷினில் படுத்திருக்கும் நேரம் முழுக்க எனக்கு வேலை கிடையாது. பேப்பரைக் கண்ணீர் அஞ்சலி வரைக்கும் படித்தாகிவிட்டது.

அக்கா பெயர் சீனியம்மாள். பெயர் வைத்த நேரமோ என்னமோ, சீனி ரத்தத்தில் ஏறி, கண்ணைத் தொட்டு, காலைத் தொட்டு, கடைசியில் கிட்னி இரண்டையும் தின்றுவிட்டது. அதனால் செவ்வாயும் வெள்ளியும் கமுதியிலிருந்து மதுரைக்குப் படையெடுப்பு. அக்கா குடிக்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லை. காலில் தங்கினால் வீக்கம். நெஞ்சில் ஏறினால் மூச்சு நின்றுவிடும். ஆகவே ஒரு நாளைக்கு அரை லிட்டர். காபி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் சேர்த்து அரை லிட்டர். அதை பாட்டிலில் அளந்து கொடுக்கும் கொடுங்கோல் அதிகாரி நான்.

பங்குனி இன்னும் முடியவில்லை. அதற்குள் கமுதியில் காக்கை கூட நிழலில் நடந்து போகிறது. நேற்று நான் மட்டும் ஒரு கண்மாய் குடித்திருப்பேன்.

"ஐயா, அம்மா நாலு கிலோ ஏறியிருக்காங்க," என்றது நஸ்ரின். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண். "அத்தனையும் தண்ணி. வீட்டுல அளந்துதான் குடுக்குறீங்களா?"

"தங்கம் நிறுக்கிறவன் கூட என்கிட்ட பாடம் கேக்கணும்மா."

நஸ்ரின் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

ஐராவதத்துக்குத் தாகம்.

ஐராவதம் என்பது என் வேன். வெள்ளை நிறம், யானைப் பசி, பட்டத்து நடை. எஞ்சின் முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுகிறவனின் இடது தொடை வெந்துவிடும். அதனால் அக்காவுக்குப் பின் சீட்டு. அவள் கால்மாட்டில் ரேடியேட்டருக்கான தண்ணீர் கேன்.

காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் இறங்கிக் கிடக்கிறது. ஊற்றலாம் என்று கேனைத் தூக்கினால் அதிலும் அடிமண்டிதான். முந்தாநாள் கழுத்துவரை நிரப்பியது. எங்கே ஒழுகுகிறது என்று வண்டிக்கு அடியில் பாயை விரித்துப் படுத்தேன். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. படுத்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். அக்கா விளக்குமாற்றால் என் காலைத் தட்டினாள்.

"என்னடா, வண்டிக்கு அடியில குடும்பம் நடத்துற?"

"தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு பாக்குறேன்கா."

"ஆவியாப் போயிருக்கும். அடிக்கிற வெயில் அப்படி."

இதைச் சொல்லும்போது அவள் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

அருப்புக்கோட்டை தாண்டியதும் அக்கா பின்னாலிருந்து கேட்டாள். "ஒரு வாய் குடேன்டா. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிருச்சு."

"காலைல குடிச்ச காபியோட இன்னைக்கிக் கணக்குல பாதி போச்சுக்கா."

"நீ எனக்குத் தம்பியா, தாசில்தாரா?"

காரியாபட்டியில் டீக்கு நிறுத்தினேன். டீக்கடையில் வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்பது என் வழக்கம். எந்தச் சக்கரவர்த்திக்கும் தன் யானையிடமிருந்து கொஞ்ச நேரம் விடுதலை வேண்டும். இன்று கொஞ்சம் அதிக நேரமே நின்றேன். என் முதுகுக்குக் கண் கிடையாது.

திரும்பி வந்தபோது அக்கா முகம் தெளிந்திருந்தது. "என்னடா, ஒரு தடவகூட இங்கிட்டுத் திரும்பல?"

"பாக்கலக்கா."

ஏப்ரல் 13, ஞாயிறு

மெக்கானிக் உமையணனிடம் ஐராவதத்தைக் காட்டினேன். அவன் என்னை மாமா என்பான், நான் மாப்ள என்பேன். ரத்த உறவு கிடையாது. இருபது வருஷமாக ஒரே எஞ்சினைச் சேர்ந்து திட்டிய உறவு. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிடுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

"எவ்வளவு குடிக்குது மாமா?"

"நாளைக்கி ஒரு வைகை அணை."

"நீங்க சொன்னா நாலால வகுக்கணும்."

"வகுத்துப் பாத்தாலும் ஒரு கேன் நிக்குது மாப்ள."

ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தான். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால்காபி நிறத்துக்கு வந்துவிடுமாம். வரவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இருக்கிறதா என்று மூக்கை நீட்டினான். இல்லை. எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டருக்குள் குமிழ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். அதுவும் இல்லை. எல்லாப் பரீட்சையிலும் ஐராவதம் முதல் வகுப்பில் தேறியது.

"அப்ப ஹெட் கேஸ்கட்டேதான்," என்றான். எஞ்சின் தலைக்கு அடியில் தண்ணீரை அடைத்து நிற்கும் தகடு.

"எப்படிடா?"

"இம்புட்டுத் தண்ணி வேற எங்கிட்டு மாமா போகும்? வெளிய காணோம்னா உள்ளுக்குள்ளதான் போகுது. ஹெட்டக் கழட்டிருவோம்."

யானைக்குத் தலையில் ஆபரேஷன். ஒரு வாரம் படுக்கை.

ஏப்ரல் 15, செவ்வாய்

பஸ்ஸில் மதுரை. போகும்போது அக்காவுக்கு சீட் கிடைத்தது. எனக்குக் கம்பி கிடைத்தது. வரும்போது கூட்டம். மெஷினிலிருந்து எழுந்த உடம்பு துணி பிழிந்த மாதிரி இருக்கும். ஒரு புண்ணியவதி எழுந்து இடம் கொடுத்தாள். அருப்புக்கோட்டை வருவதற்குள் அக்கா என் சட்டையில் வாந்தி எடுத்தாள். துண்டால் துடைத்துவிட்டு, "இது கஞ்சி போட்ட சட்டைதான், ஒண்ணும் ஆகாது," என்றேன். அவள் சிரிக்க முயற்சி செய்தாள். பாவம், அதற்கும் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து செருப்போடு தூங்கினேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

இன்றும் பஸ். ஆனால் நஸ்ரின் முகத்தில் பல் தெரிந்தது. "ஐயா, ரெண்டு கிலோதான் ஏறியிருக்கு! என்ன செஞ்சீங்க? இதையே விடாமப் பிடிச்சுக்கங்க."

பஸ் குலுக்கலில் மிச்சம் சிந்தியிருக்கும் என்று ஒரு விஞ்ஞான விளக்கம் கொடுத்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவள் உதட்டில் தோல் உரிந்து தொங்கியது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஐராவதம் வீடு திரும்பியது. புது கேஸ்கட், புது மூச்சு. "இனி ஒரு சொட்டுக் கொறையாது மாமா, எழுதி வெச்சுக்கங்க," என்றான் உமையணன். எழுதி வைத்துவிட்டேன்.

கேனை நிரப்பிப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. முன்னைவிட அதிகமாக. கேனிலும் குறைகிறது. எடை மூன்றரை கிலோ. ஐராவதத்தின் எடையைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 23, புதன்

மதியத் தூக்கத்துக்கு அக்கா இப்போதெல்லாம் வேனுக்குள் போய்விடுகிறாள். வேப்பமரத்தடியில் கதவைத் திறந்துவிட்டால் காற்று வருகிறதாம்.

சாயங்காலம் அவள் எழுந்து போன பிறகு கேனைத் தூக்கினேன். வாய் விளிம்பில் மஞ்சள் வாசம். ரேடியேட்டர்கள் மஞ்சள் பூசிக் குளிப்பதாக இதுவரை எந்த ஆராய்ச்சியாளரும் எழுதியதாகத் தெரியவில்லை. பின் சீட்டுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடந்தது. எடுத்தேன். கழுவினேன். இருந்த இடத்திலேயே வைத்தேன்.

வேறு விசேஷம் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

நம் ஊர் போர் தண்ணீரை வாயில் வைத்தால் கடலே வெட்கப்படும். இத்தனை வருஷமாக அதைத்தான் கேனில் பிடித்து ரேடியேட்டருக்கு ஊற்றி வந்திருக்கிறேன். எவ்வளவு பெரிய பாவம்! ஒரு பட்டத்து யானையின் உடல்நலம் கருதி, இன்று முதல் கேனில் குடிதண்ணீர். லாரியில் வரும் நல்ல தண்ணீர். கேனையும் புளி போட்டு உள்ளே வெளியே தேய்த்துக் கழுவிவிட்டேன்.

அக்கா வாசலில் நின்று பார்த்தாள். "நல்ல தண்ணியவா ஊத்துற?"

"உப்புத் தண்ணி ரேடியேட்டருக்கு ஆகாதுக்கா. துரு ஏறிரும்."

"ம்," என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பெருநாழிக்கு ஒரு காதுகுத்து சவாரி. முப்பது பேரை ஏற்றினேன். (நாலால் வகுக்க வேண்டாம், மூன்றால் வகுத்தால் போதும்.) வழியில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய கை இன்னும் வலிக்கிறது. ராத்திரி சோறு வைக்கத் தெம்பில்லாமல் அவித்த இட்லி வாங்கி வந்தேன். அக்கா ஒன்றைப் பிட்டு வைத்துவிட்டு, "வயிறு கல்லு மாதிரி இருக்குடா," என்றாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஐந்து கிலோ.

நஸ்ரின் அக்காவின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தது. குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவில்லை. அந்தக் குழியில் ஐராவதத்தை நிறுத்தி வைக்கலாம்.

"யார் இவங்களுக்குத் தண்ணி குடுக்குறா?"

"வீட்டுல நான் அளந்து குடுக்குறதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாதும்மா. சத்தியமா." இது நூற்றுக்கு நூறு உண்மை. வீட்டில் கிடையாது.

"இது இப்ப கால்ல நிக்குது. அடுத்து நுரையீரல். அப்ப நான் ஒண்ணும் செய்ய முடியாது ஐயா."

அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறவள் இமை அப்படித் துடிக்காது.

ஏப்ரல் 30, புதன்

கேனை நிரப்பவில்லை. மறந்துவிட்டேன்.

மே 1, வியாழன்

அக்கா மதியம் வேனுக்குப் போய் உடனே திரும்பி வந்துவிட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். வெயில் ஓடு வழியாக இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் நிரப்பினேன். பாதி. பாதிதான்.

மே 2, வெள்ளி

இன்று எழுத முடியாது. அக்கா உயிரோடு இருக்கிறாள்.

மே 3, சனி. ஆஸ்பத்திரித் தாழ்வாரம்

சிங்கம் என்று பெயரை வைத்துக்கொண்டு நேற்று ரோட்டில் நின்று ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினேன்.

காலையில் விடிந்தது தெரியாமல் தூங்கிவிட்டேன். அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. கேன்தான் பின்னால் இருக்கிறதே, வழியில் ஊற்றிக்கொள்ளலாம் என்று கிளப்பிவிட்டேன். அருப்புக்கோட்டை தாண்டியதும், "சன்னலத் தொறடா," என்றாள் அக்கா. எல்லாச் சன்னலும் திறந்துதான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். முன் சீட்டின் முதுகைக் கட்டிப்பிடித்துக் குனிந்து, ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் சூட்டு முள் சிவப்பில் ஏறியது. பெட்டிக்குள்ளிருந்து கருகல் வாடை.

காரியாபட்டிக்கு முன்னால், ஒரு முள்மரம்கூட நிழல் தராத இடத்தில், ஐராவதம் மண்டியிட்டது. ஓடிப்போய்க் கேனைத் தூக்கினேன். வெறும் கேன். பலமாகத் தூக்கிய கை அப்படியே மேலே போய்க் கூரையில் இடித்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். முன்னால் தண்ணீர் இல்லாமல் ஒன்று கொதிக்கிறது. பின்னால் அதே தண்ணீர் நெஞ்சில் ஏறி ஒன்று மூச்சுக்குத் தவிக்கிறது. நடுவில் வெறுங்கேனோடு நான்.

"தப்பு... என்னதுடா," என்றாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவ்வளவு தூரம்.

கரிமூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. நடுரோட்டில் போய் நின்றுவிட்டேன். டிரைவர் வாயில் வந்த கெட்ட வார்த்தையோடு எட்டிப் பார்த்தவர், அக்காவைக் கண்டதும் அதை விழுங்கிவிட்டார். "தூக்குங்கண்ணே. பேச்சு வேணாம்." நான் இடுப்பைப் பிடிக்க, அவர் காலைப் பிடிக்க, முன்னால் ஏற்றினோம். மதுரை வரும்வரை அக்கா என் மணிக்கட்டை விடவில்லை. அவள் பிடித்த இடத்தில் நகத்தடம் இருக்கிறது.

முகமூடி போட்டுக் காற்று கொடுத்தார்கள். மெஷின் ஓடியது. சாயங்காலம் நஸ்ரின் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. என் சட்டை முழுக்கக் கரி. அதன் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டது.

"யார் குடுத்தா ஐயா?"

"இனிமே கிடைக்காதும்மா," என்றேன்.

மே 4, ஞாயிறு

செவ்வாய் வரை அக்காவை வைத்துக்கொள்கிறார்கள். பெண்கள் வார்டில் ஆம்பளைக்கு இடமில்லை. நான் கமுதிக்கு வந்தேன். உமையணன் ஐராவதத்தை இழுத்து வந்து பட்டறையில் போட்டிருந்தான். நல்ல வேளை, எஞ்சின் பிழைத்துக்கொண்டது.

எஞ்சின் ஜில்லென்று இருந்தது. உமையணனிடம் ஒரு ஆயுதம் இருக்கிறது. பழைய ரேடியேட்டர் மூடியில் துளை போட்டு, சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்தியது. அதை ரேடியேட்டர் வாயில் மாட்டி சைக்கிள் பம்பால் காற்றடித்தால், ஓடாத எஞ்சினுக்குள்ளும் ஓடுகிற அழுத்தம் வரும். எங்கே பலவீனமோ அங்கே தண்ணீர் எட்டிப் பார்க்கும்.

"இத அன்னைக்கே செஞ்சிருக்கலாமேடா?"

"அன்னைக்கி நீங்க ஒரு கேன்னீக. ஒரு கேன் போற ஓட்டைக்கு எவன் மாமா பம்பத் தேடுவான்? ஹெட்டத்தான் கழட்டுவான்."

நான் பம்பு அடித்தேன். அவன் டார்ச்சோடு எஞ்சின் பெட்டிக்குள் தலையை விட்டான். மூன்று லாரி டயருக்குப் போதுமான காற்று அடித்திருப்பேன். "நிறுத்துங்க, நிறுத்துங்க. இங்க வந்து பாருங்க."

எஞ்சின் கக்கும் சூட்டுப் புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்பும் தடித்த இரும்புக் குழாய் இருக்கிறதே, மேனிஃபோல்டு, அதை எஞ்சினோடு இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் இரண்டின் தலை மட்டும் வியர்த்திருந்தது. துடைத்தான். மறுபடி வியர்த்தது. கண்ணோரத்தில் சேர்கிற மாதிரி மெதுவாகச் சேர்ந்து, உருண்டு, குழாயின் மேல் இறங்கியது.

"இந்த ரெண்டு போல்ட்டு மட்டும் தண்ணி ஓடுற அறைக்குள்ளயே போய் நிக்குது மாமா. மரைப் புரியப் பிடிச்சுக்கிட்டே தண்ணி வெளிய ஏறி வருது. ஓடும்போது குழாய் அடுப்பாட்டம் காயும்ல? வந்தது வந்த இடத்துலயே ஆவியாயிரும். கீழ சொட்டே விழாது."

"அடையாளமே இருக்காதா?"

"ஏன் இருக்காது? நம்மூரு உப்புத் தண்ணிக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி பூத்து நிக்கும். ஹெட்டக் கழட்டுனப்ப இதுல வெள்ளையா இருந்துச்சு..." நிறுத்தினான். தலையைச் சொறிந்தான். "அழுக்குன்னு கம்பி பிரஷ்ஷால நான்தான் தேய்ச்சேன்."

"திரும்ப மாட்டும்போது மரைக்குப் பசை போட்டியா?"

"போல்ட்டுக்கு எவன் மாமா பசை போடுவான்னு..."

"போட்டியா?"

"போடல. போன வருசம் மேனிஃபோல்டு மாத்துனப்பயும் போடல." தேர்வில் பிட்டோடு பிடிபட்டவன் மாதிரி நின்றான். உடனே சமாளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "சரி, அதுக்கப்புறமாவது மறுபடி பூத்திருக்கணுமே. இப்ப என்ன, துடைச்சு விட்ட மாதிரி இருக்கு? என்ன தண்ணி ஊத்துனீக?"

"குடிதண்ணி."

"வண்டிக்கா?"

நான் ஃபேன் பெல்ட்டைப் பார்த்தேன். அதில் விரிசல் ஏதும் இல்லை.

உமையணன் விடுகிறவன் இல்லை. "மாமா, இது வழியா மதுரை போய் வர நாலஞ்சு டம்ளர் போகும். பாக்காம நாலு நாள் விட்டா வண்டி நிக்கும், சரி. ஆனா நீங்க சொன்ன கணக்கு இது இல்ல. நாலால வகுத்தாலும் இடிக்குது. மிச்சம் எங்க போச்சு?"

"அந்தக் கசிவு ஒன் பட்டறைக்கு வராது மாப்ள. அத நான் பாத்துக்கிறேன்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அக்காவை அவனுக்கும் தெரியும். பம்பைக் கீழே வைத்துவிட்டு டீ வாங்கப் போனான்.

மே 5, திங்கள்

தண்ணீரை வடித்து, இரண்டு போல்ட்டையும் கழற்றினோம். ஒன்று வந்துவிட்டது. இன்னொன்று உடைந்துவிடுவேன் என்று மிரட்டியது. ஆயில் விட்டு, தட்டி, கொஞ்சி, ஒரு பிரசவமே பார்த்தோம். மரையைத் தேய்த்து, சூடு தாங்கும் பசையைத் தடவி, திரும்ப முறுக்கினான். பசையைக் காயவிட்டு, தண்ணீர் நிரப்பிச் சாயங்காலம் பம்பு அடித்தோம். துடைத்த போல்ட் துடைத்தபடியே இருந்தது. ஒரு இரும்புத் தலை காய்ந்திருப்பதை இவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்த முதல் சக்கரவர்த்தி நானாகத்தான் இருப்பேன்.

"இனி வெறும் தண்ணி வேணாம்," என்று உமையணன் பச்சையாக ஒரு திரவத்தைக் கொண்டுவந்தான். கூலன்ட். "துரு பிடிக்காது. கசிஞ்சா பச்சையாக் காட்டிக் குடுத்துரும். கேன்லயும் இதையே கலந்து வெச்சுக்கங்க. ஆனா பத்திரம் மாமா. இது இனிக்கும். நாய் பூனை நக்கிட்டுச் செத்துப்போகும். உள்ள போனா மொதல்ல கிட்னியத்தான்..."

மிச்சத்தைக் கேனில் கலந்து என்னிடம் நீட்டினான்.

கேனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் சீட்டுக்கு அடியில் தள்ளி, குறுக்கே கம்பி கொடுத்துப் பூட்டுப் போட்டேன். பூட்டினால் போதாது. வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும். கமுதியிலிருந்து காசி வரை பொய் பேசி வந்தவனுக்கு நாளைக்கு ஒரே ஒரு உண்மை பேச வேண்டியிருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மே 6, செவ்வாய்

அக்கா பாதியாக இருந்தாள். தூக்கி ஏற்றினால் தலையணை எடைதான். பின் சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் கால்மாட்டைப் பார்த்தாள்.

"கேன் எங்கடா?"

"என் சீட்டுக்கு அடியில. பூட்டிருக்கேன்."

நான் கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தே சொன்னேன். "அது தண்ணி இல்லக்கா இப்ப. பச்சை மருந்து. இனிக்குமாம். வாயில வெச்சா முடிஞ்சது."

"யாருடா வாயில வைக்கப் போறா?"

"நாய் பூனைக்குச் சொன்னேன்."

"நாய் பூனைக்குப் பூட்டு எதுக்கு?"

நான் கியரை மாற்றினேன். காரியாபட்டி வந்தது. டீக்கடையில் நான் நிறுத்தவில்லை. கடை பின்னால் போனதும் அவள்தான் பேசினாள்.

"நல்ல தண்ணி ஊத்துனியேடா."

"ரேடியேட்டருக்குக்கா."

"ம். ரேடியேட்டருக்குத்தான்." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உப்புத் தண்ணியவே விட்டிருக்கலாம்ல. ரெண்டு வாயோட துப்பியிருப்பேன்."

ஹாரன் அடித்தேன். எதிரே யாரும் இல்லை.

மே 8, வியாழன்

அக்காவுக்கு ஐஸ்கட்டி கொடுக்கச் சொல்லியிருக்கிறது நஸ்ரின். அளவுத் தண்ணீரையே ஐஸாக்கி, துண்டு துண்டாக வாயில் அடக்கிக்கொண்டால் தாகம் தணியுமாம். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு மூலையைப் போரிட்டுக் கைப்பற்றினேன். அக்கா ஒரு கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "மிட்டாய் தின்ன வயசு திரும்பிருச்சுடா," என்றாள். ஆனால் மதியம் வேனுக்குப் போய்ப் படுத்தாள். பழக்கம். சாயங்காலம் பின் சீட்டுக்கு அடியில் பார்த்தேன். டம்ளரை அவளே எடுத்துக்கொண்டு போய் அடுக்களையில் கவிழ்த்திருந்தாள்.

அவள் முன்னால் இனித் தண்ணீர் குடிப்பதில்லை என்று நானும் ஒரு அரசாணை பிறப்பித்திருக்கிறேன். கண்மாய் கண்மாயாகக் குடித்தவனுக்கு இது லேசில்லை.

மே 9, வெள்ளி

கிளம்புவதற்கு முன், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே பெட்டியைத் திறந்து இரண்டு போல்ட்டையும் விரலால் சுற்றித் தடவினேன். பச்சை இல்லை. காய்ந்த இரும்பு. பிறகு அக்காவின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது, மெல்ல மேலே வந்தது.

"என்னடா, என்னையும் பம்பு வெச்சுப் பாக்குறியா?"

"உமையணன் கடன் குடுக்க மாட்டேனுட்டான்."

இரண்டு கிலோ. நஸ்ரின் என் தோளில் தட்டியது. போன வாரக் கரி இன்னும் இருக்கிறதா என்று தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டது.

திரும்பும் வழியில் அந்த நிழலில்லாத இடம் வந்தது. இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த தாகம் அங்கே வந்து கழுத்தைப் பிடித்தது. டயரில் காற்று பார்க்கணும் என்று சொல்லி இறங்கினேன். வண்டிக்குப் பின்னால் போய், டிக்கிக் கதவைத் தூக்கிவிட்டு, அதன் மறைவில் குனிந்து பாட்டிலைத் திறந்தேன். பால் திருடும் பூனை மாதிரி, தொண்டைச் சத்தம் கேட்காமல் ஒரு மடக்கு.

முன்னாலிருந்து குரல் வந்தது.

"மெதுவாக் குடிடா. நான் பாக்கல."